புள்ளிக் கணக்கு

லெ. சித. வள்ளிக்கண்ணு என்பது நான்.
பாட்டனார் லெ., அப்பா சித.
இருவரையும் முன்னால் நடக்கவிட்டுத்தான்
பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி ஆய்வுக்கூடம் வரை வந்தேன்.
உலகத்துக் கட்டுரைகளை எண்ணுகிற இயந்திரத்துக்கு
இந்த வரிசை பிடிபடவில்லை.
என்னை இரண்டு பேராக வைத்திருந்தது.
ஒருத்தி, ரத்தத்தில் இரும்பு பற்றி நாற்பது கட்டுரை எழுதியவள்.
இன்னொருத்தி நான்கோடு நின்றுபோனவள்,
முனைவர் பட்டம் வாங்கிய கையோடு இறந்திருப்பாள் என்று
இயந்திரம் நினைத்திருக்கலாம்.

போன ஆவணியில் ஒரு ராத்திரி
இருவரையும் சேர்த்தது.
கூடவே, கோலாலம்பூரில் முழங்கால் மூட்டு மாற்றுகிற
எவளோ ஒரு வள்ளியையும்.

காலையில் என் மேற்கோள்கள் ஆயிரத்து ஐம்பத்தைந்து.
துறைத்தலைவர் காபியோடு வந்தார்:
"பெரும்புள்ளி ஆயிட்டீங்க மேடம்."
பதவி உயர்வுக்கு எண்ணூறு போதும்.
விண்ணப்பத்துக்கு இன்னும் பதினோரு நாள்.

தப்பாக வரவான பணத்தோடு
ஒரு ராத்திரிகூடப் படுக்காத வீடு எங்களுடையது.
நான் மூன்று ராத்திரி படுத்தேன்.
நான்காம் நாள் எழுதினேன்:
முந்நூற்றுப் பன்னிரண்டு என்னுடையதல்ல, எடுத்துக்கொள்ளுங்கள்.
மனிதர் யாரும் பதில் போடவில்லை.
ஒரு வாரத்தில் எண் மட்டும் இறங்கியது.
எழுநூற்று நாற்பத்து மூன்று.
துறைத்தலைவர் காபியை அவரே குடித்தார்.

அதே வாரம் வேலங்குடியிலிருந்து
கோயில் கணக்கர் வந்திருந்தார், புள்ளி வரிக்கு.
தம்பியும் அவன் மனைவியும் ஒரு புள்ளி.
அப்பா போன பிறகு அம்மா அரைப்புள்ளி.
எனக்கு ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை,
ஏட்டில் எனக்கு இடமில்லை.
வருத்தமா என்று கேட்டார், நல்ல மனிதர்.
வரியும் இல்லையே என்றேன்.
சிரித்துக்கொண்டே ரசீது கிழித்தார்.

அவர் போன பிறகுதான் அது வந்து உட்கார்ந்தது.

கல்லலில், எட்டு வருஷம் முன்பு,
எழுபத்தொரு பெண்களிடம் ரத்தம் எடுத்தேன்.
விடிகாலை, வெறும் வயிறு, ஆளுக்கு ஐந்து மில்லி.
தட்டில் எவ்வளவு இரும்பு, உடம்பில் எவ்வளவு:
தாளில் ஆளுக்கு ஒரு புள்ளி.
எழுபது பேர் கோட்டை ஒட்டி நின்றார்கள்.
ஒருத்தி மட்டும் வலது ஓரத்தில், அடியில்,
தாளைவிட்டு இறங்கப் போகிறவள் மாதிரி.
நாற்பத்து மூன்றாம் எண். சவுரியம்மாள்.
முருங்கைக்கீரையும் கேப்பையும் தினமும் தின்கிறவள்.
ஹீமோகுளோபின் மூன்று புள்ளி எட்டு.
அதை வைத்துக்கொண்டு
கருவேலங் கரிமூட்டத்திலிருந்து நாலு மைல் நடந்து வந்து,
ஊசியை எடுத்ததும்
"அம்புட்டுத்தானா?" என்று கேட்டாள்.

மூன்று முறை அளந்தேன். மூன்று புள்ளி எட்டு.
சிவகங்கைப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
போனாளா என்று கேட்கவில்லை.

மதிப்பீட்டாளர் எழுதினார்:
ஒரு புள்ளி கோட்டைக் கெடுக்கிறது,
அளவீட்டுப் பிழையாக இருக்கலாம்.
இருக்கலாம் என்று நானும் எழுதினேன்.

எழுபது. வட்டமான எண்.
அந்தக் கட்டுரைதான் என் பேரேட்டில் முதலாவது,
இருநூற்றுத் தொண்ணூற்றாறு மேற்கோள்.
லிமாவிலும் டாக்காவிலும் யாரோ
அந்தக் கோட்டை நம்பி மாத்திரை அளக்கிறார்கள்.

நேற்று ராத்திரி பழைய கோப்பைத் திறந்தேன்.
நாற்பத்து இரண்டுக்கு அடுத்து நாற்பத்து நான்கு.
நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு,
மறைத்த வரிசை இருக்கிறது என்று அர்த்தம்.
விரித்தேன்.
புள்ளி வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது.
என் நேர்க்கோடு வலது நுனியில் கொஞ்சம் தாழ்ந்து
அவள் பக்கம் சாய்ந்தது.

இதழுக்குத் திருத்தம் அனுப்ப ஒரு படிவம் உண்டு.
முதல் கட்டத்தில் ஆசிரியர் பெயர்.
லெ. சித. என்று தொடங்குகிறேன்.
சிவப்பாய் மின்னுகிறது:
முதலெழுத்து ஒன்றுதான் அனுமதி.