பீஸ் செக்கிங்

பீளமேட்டில் இரவு இரண்டு மணி.
நகத்தளவுச் சில்லு. அதற்குள்
தலைமுடியைவிட ஒடுங்கிய வாய்க்கால்.
மருந்தில் ஊறிய துளசிமணியின் ரத்தம்
எண்ணெய்க்குள் அறுபட்டு
துளிக்கு ஒரு செல்லாக வருகிறது,
முறைத்தண்ணி போல. முந்த முடியாது.

காற்றுக்குமிழ் ஒன்று மடையை அடைக்க
பம்பை நிறுத்தி, குழாயைச் சுண்டிவிட்டு
மறுபடி.

சிவப்பு. சிவப்பு. சிவப்பு.
செத்தவை.
திரையில் எண் ஒன்பதாயிரத்தைத் தாண்டியபோது
கொட்டாவி விட்டேன்.
அப்போதுதான் ஒன்று,
நாற்றுப் பச்சையில்,
அவசரமே இல்லாமல் கடந்து போனது.

சராசரி மட்டும் பார்த்திருந்தால்
அது இருந்ததே தெரிந்திருக்காது.

காலையில் அவரே கேட்டார்,
திருப்பூரில் பதினாறு வருஷம்
பனியன் செக்கிங் மேசையில் நின்றவர்:
"எத்தன பீஸுங்க பாத்தீங்க?"
சொன்னேன்.
"ரிஜெக்ட்டு?"
ஒன்று என்றேன்.
"ஒண்ணு போதுமுங்க.
லாட்டையே திருப்பி அனுப்பிப்போடுவாங்க பையரு."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.
டாக்டர் பழைய மருந்தை அடித்துவிட்டு
வேறொன்றை எழுதி முடிக்கும்வரை
என் வெள்ளைக் கோட்டின் கைமடிப்பில்
தையல் விட்டிருந்த ஒரு நூலை
நகத்தால் நிரடிக்கொண்டே இருந்தார்.