நமுலி மலையடியில் துவரை

ஐந்து மெட்டிகல் என்று
கரித்துண்டால் பலகையில் எழுதியவன் நான்.
போன வருஷம் இதே பலகையில்
நாற்பது என்று எழுதியதும் இந்தக் கைதான்.

ஒலின்டா நம்பவில்லை.
கிட்டே வந்து விரலால் தடவிப் பார்த்தாள்,
முன்னால் ஓர் எண் அழிந்துபோயிருக்குமோ என்று.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு
தன் பருப்பைத் தானே விளைத்துக்கொள்ளத்
தீர்மானித்துவிட்டதாம்.
விதை கொடுத்தார்களாம், விலை சொன்னார்களாம்,
மழையும் சர்க்கார் பேச்சைக் கேட்டதாம்.
கப்பலில் இனி இவ்வளவுதான் வரலாம் என்று
ஒதுக்கீடு எழுதிக் கையெழுத்திட்டார்களாம்.
நகாலா துறைமுகத்து லாரிக்காரன்
இதைச் சொல்லிவிட்டு
வெறும் லாரியைத் திருப்பிக்கொண்டு போனான்.

தன் வயல், தன் உலை, தன் பசி.
அதில் நான் என்ன குறை சொல்ல?

ஆனால்
சோளத்துக்கு நடுவே துவரை போடு என்று
வீடு வீடாகச் சொல்லி நடந்தவனும் நானே.
"அங்கே நூறு கோடிப் பேர், ஒலின்டா.
தினமும் இதைக் கரைத்துக் குடிக்கிறார்கள்."
"குடிக்கிறார்களா!"
சிரித்துக்கொண்டே போனவள்
மரவள்ளி பிடுங்கிய நிலத்தையும்
கொத்திவிட்டாள்.

இப்போது அவள் வீட்டில் பதினொரு மூட்டை.
கட்டில் கிடந்த இடத்தில் மூட்டை.
பிள்ளைகள் அதன்மேல் தூங்குகிறார்கள்.
ராத்திரி காதை வைத்தால் கேட்கிறதாம்
வண்டு குடையும் சத்தம்,
யாரோ கணக்குப் புத்தகம் புரட்டுவதுபோல.

நேற்று தராசைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
அவள் வாசல் வழியாகத்தான் போகவேண்டியிருந்தது.
கம்பெனி திருப்பிக் கேட்டுவிட்டது.
தலையைக் குனிந்துகொண்டேன்.
"ஃபெலிசார்டோ, உட்கார்."

துவரைத் தண்டே விறகு.
காலையில் ஏற்றிய பானை
உச்சிவெயிலில்தான் இறங்கியது.
பச்சைக் காய் வேகும் நேரம் இங்கே எல்லோருக்கும் தெரியும்.
காய்ந்த பருப்பு விற்பதற்கு;
அதன் பக்குவத்தை யார் கண்டார்?
உப்பு இல்லை.
வாங்கியிருப்பாள், நான் நாற்பது எழுதியிருந்தால்.

"உன் நூறு கோடிப் பேரும்
இப்படித்தான் குடிப்பார்களா?"
தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது.
அந்த நாட்டுக்கு
மூட்டைகளைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாம் வாயில் ஒரு வண்டு.
தட்டோரம் ஒதுக்கினேன்.
பிள்ளைகளின் தட்டுகளில்
ஓரம் சுத்தமாக இருந்தது.
அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்துத் தின்றேன்.