வெற்றெடை

தமிழ்நாடு முடிந்தும் தமிழ் முடியாத வேலந்தாவளத்தில்
பதினெட்டு வருசமாக லாரிகளை நிறுக்கிறேன்.
பாரத்தோடு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
மிச்சம் வண்டியின் வெற்றெடை,
அதற்கு யாரும் காசு தருவதில்லை.

பெர்த்தில் அக்காவுக்கு வந்த கடிதத்தைப்
போனில் பெரிதாக்கிப் படித்தேன்.
இன்னாசிக்குப் பதினாறு வயது.
ஆயுசுக்கும் அவனுக்கு ஆகும் செலவை
டாலரில், கமா போட்டு எழுதியிருந்தார்கள்.
அந்த நாட்டின் முதுகுக்கு அது அதிக பாரமாம்.
முப்பத்தைந்து நாளில் கிளம்ப வேண்டும், மூன்று பேரும்.
திருப்பி அனுப்புவது என்று இரண்டு இடத்தில் இருந்தது.
அங்கேயே பிறந்தவனை எங்கே திருப்புவது?

ஒரே ஒரு முறை வந்தான், ஆறு வயதில்.
கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் யாரோ கேட்டார்கள்,
"பிள்ளைக்கு என்ன?"
"பசி" என்றாள் அக்கா.
அன்று மத்தியானம், லாரி வராத நேரம்,
அவனைத் தூக்கிவந்து மேடை நடுவில்
சாக்கு விரித்துக் கிடத்தினேன்.
ஐம்பது கிலோவுக்குக் கீழே எங்கள் மேடைக்குக் கண் தெரியாது.
சிவப்பு எண் அசையவே இல்லை. சைபர்.
வளைந்த விரலால் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தான்,
என் காக்கிச் சட்டையெல்லாம் எச்சில்.

அப்பீலுக்கு ஒரு காகிதம் வேண்டும் என்றார் அந்த ஊர் வக்கீல்.
இங்கே அவனைப் பார்க்க ஆளில்லை என்று
இங்கே இருக்கிற ஆளே எழுதித் தரவேண்டும்.
தாய்மாமன் எழுதினால் நல்லது என்றாராம்,
தாய்மாமன் என்றால் என்னவென்று
அக்கா அவருக்கு விளக்கிய பிறகு.

சித்தூரில் இருநூறு ரூபாய்ப் பத்திரம்.
நான் தமிழில் சொன்னேன், மலையாளத்தில் தட்டினார்கள்,
பாலக்காட்டில் ஒரு பெண் இங்கிலீஷ் ஆக்குவாளாம்.
வருமானம் போதாது. சரி.
பக்கத்தில் அந்த வைத்தியம் இல்லை. சரி.
குளியலறைக் கதவு இருபத்திரண்டு அங்குலம்,
அவன் நாற்காலி இருபத்தாறு. நானே அளந்தது.
கடைசி வரியில் நின்றுவிட்டேன்:
அவனை ஏற்க எனக்கு மனமில்லை.
இதை மட்டும் எடுத்துவிடலாமா என்றேன்.
"அதுதான் காரியம்" என்றார் நோட்டரி வேணு.
"இவிடே ஒப்பிடணும்" என்று விரலை வைத்தார்.
என் பெயரைத் தமிழில் எழுதினேன்.

கதவின் குறுக்கே டேப்பைப் பிடித்துப்
போட்டோ எடுத்து அனுப்பியது ஒன்பதாம் தேதி.
பத்தாம் தேதி காலை கிட்டான் மேஸ்திரி சம்மட்டியோடு வந்தார்.
"பத்திரத்துல அப்படி, வீட்டுல இப்படியா?" என்றாள் பிலோமினா.
பிறகு அவளே செங்கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினாள்.
சேலையைத் தொங்கவிட்டுக் குளிக்கிறோம் இப்போது.
சிமெண்ட் வாங்கும் பேச்சை
இரண்டு பேருமே எடுப்பதில்லை.
வாங்கினால் அவன் வந்துவிடுவான் போல,
வாங்காவிட்டாலும்.

ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன்.
கையெழுத்தைச் சொல்வதா, சம்மட்டியைச் சொல்வதா?
என் முறை வருவதற்குள் வெளியே வந்து
செருப்பைத் தேடினேன்.

நேற்று வீடியோவில் அக்கா.
என் தோளுக்குப் பின்னால் ஓட்டைச் சுவரைப் பார்த்துவிட்டாள்.
"தள்ளி நில்லுடா, யாராச்சும் பாத்துடப் போறாங்க."
அதற்குமேல் அவளுக்குக் குரல் வரவில்லை,
போனை அவன் பக்கம் திருப்பிவிட்டாள்.
மீசை அரும்பியிருக்கிறது.
ஓட்டை வழியே தெரிந்த தென்னையைப் பார்த்தானோ என்னவோ,
கையை ஆட்டினான்.
"மா" என்றான். மாமா என்பதில் அவனுக்குப் பாதிதான் வரும்.
வாடா என்று சொல்ல வாய் வந்தது.

சாப்பிட்டியா என்றேன்.