நாற்பத்தொன்றாம் வரிசை

குத்தாயிசியில் மார்ச் மாத மழை.
வெள்ளைப் பாலத்தின் கீழே
ரியோனி ஆறு கலங்கி ஓடுகிறது.
நான்காம் மாடியில் கணினி முன் நான்.
விடிந்தால் அமைச்சர் வருகிறார்,
கேமராக்களும்.

நாற்பத்தொன்றாம் வரிசையில்
'விலகினார்' என்றிருக்கிறது.

விலகினார்.
கூட்டத்தின் நடுவே
நாற்காலியை ஓசையில்லாமல் தள்ளிவிட்டு
எழுந்து போனவர் மாதிரி.

ஜும்பர் எங்கும் எழுந்து போகவில்லை.
சம்த்ரேதியா தடத்தில் வேன் ஓட்டியவர்.
ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் முன்
எல்லாப் பக்கத்தையும் உரக்கப் படிக்கச் சொன்னார்.
'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்'
என்ற இடத்தில் சிரித்தார்:
"ஓடுகிற வண்டியிலிருந்தா?"

மூன்றாம் ஊசிக்குப் பின்
பதினோரு மணி நேரம் இருந்தார்.
அவர் மனைவி வாசலில் கொடுத்துவிட்டுப் போன
பாலாடைக்கட்டி ரொட்டி
அப்போதும் சூடாகவே இருந்தது.
பிணவறைக் குறிப்பேட்டில் நேரம் உண்டு,
என் கையெழுத்தும் உண்டு.

ஓதார் கெட்டவர் இல்லை.
மூன்று வாரமாக மேசைக்கடியில் உறங்குகிறார்.
அவர் மனைவி கீழ்த்தளத்தில்
அதே காய்ச்சலோடு, அதே மருந்தோடு.
"ஒரு வரிசை, நெஸ்டான்.
ஒரே ஒரு வரிசை.
ஜனங்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா?"

பூசணிக்காய் என்றால் சோற்றில் மறைக்க முடியாது.
இது பருக்கை.
பருக்கையை யார் தேடப்போகிறார்கள்?

எனக்கும்தான் வேண்டும்.
அந்த மருந்து பலிக்க வேண்டுமென்று
நம்பாத தேவாலயத்தில்கூட
மெழுகுவர்த்தி ஏற்றியவள் நான்.

திருத்தினேன்.
'இறந்தார்.'
கணக்கை மறுபடி ஓட்டினேன்.
எண்ணின் தோளில் ஒட்டியிருந்த,
நம்பலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த
சின்ன நட்சத்திரம்
உதிர்ந்துவிட்டது.

ஓதார் திரையைப் பார்த்தார்.
திட்டுவார் என்று நினைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி துடைத்தார்,
லிப்டுக்குக் காத்திராமல்
படி வழியே கீழே போனார்.

காலையில் மைக்கின் முன்
என்ன சொல்வார், தெரியாது.
நாளை மறுநாள் எனக்கு
இந்த நாற்காலி இருக்குமா, அதுவும் தெரியாது.
அறநெறிக் குழுவுக்குக் கோப்பு போய்விட்டது,
நான்கு ஐம்பத்திரண்டுக்கு.

ஜன்னலுக்கு வெளியே
சம்த்ரேதியாவுக்கு முதல் வேன் கிளம்புகிறது.
யாரோ புதிய ஓட்டுநர்.
முன்விளக்கு
ஒன்றுதான் எரிகிறது.