நெகட்டிவ்

சோம்பா மருத்துவமனையில்
மின்சாரம் போய் இரண்டு மணி நேரம்.
ஜெனரேட்டர் அறுவை அறைக்கு மட்டும்.
பழைய நுண்ணோக்கியின் கண்ணாடியைச்
சன்னல் பக்கம் திருப்பி
மழைக்கு நடுவே கசியும் வெளிச்சத்தைப் பிடிக்கிறேன்.

ஒன்பது நாள் பெண்குழந்தை. இன்னும் பெயரில்லை.
சீட்டில் தகப்பன் பெயர்தான்: வைசன் கச்சாலே,
சில்வா ஏரியில் வலை வீசுகிறவன்.
நேற்றுப் புட்டியில் விட்ட இரத்தம்
இன்று கலங்கியிருக்கிறது.

ஒரு சொட்டைத் தேய்த்துச் சுடரில் காட்டி
ஊதாச் சாயம் ஊற்றினேன். எல்லாமே ஊதா.
அயோடின். இறுகட்டும்.
பிறகு சாராயம்.
இங்கேதான் கை நடுங்கக் கூடாது;
ஒரு நொடி கூடினால்
பிடித்துவைப்பதும் விட்டுவிடும்.

தடித்த மதில் உள்ளவை ஊதாவை விடாது.
இவை விட்டன.
மெல்லிய சுவர், அதன்மேல் கொழுப்பாலான அங்கி;
அங்கி கரைய
குடித்த நிறமெல்லாம் வடிந்து
எதுவுமே இல்லாததுபோல் நின்றன.

கடைசியில் சஃப்ரனின்.
எண்ணெய்ச் சொட்டுக்குக் கீழே
இளஞ்சிவப்புக் குச்சிகள்,
வலையிலிருந்து அறுந்த நூல்துண்டுகளாக.

‘கிராம் நெகட்டிவ்’ என்று
வார்டுக்குப் போனில் சொன்னதை
வாசலில் நின்ற வைசன் கேட்டுவிட்டான்.

இந்த ஊரில் அதைவிட நல்ல சொல் கிடையாது.
கல்யாணத்துக்கு முன், பிரசவத்துக்கு முன்
விரல்நுனி இரத்தம் கொடுத்துவிட்டு
எல்லாரும் காத்திருந்தது அதற்காகத்தான்.
உள்ளங்கை குவித்து இருமுறை தட்டினான்.
ஜிகோமோ, ஜிகோமோ என்றான். நன்றியாம்.

எப்படிச் சொல்வேன்?
இது ‘இல்லை’ அல்ல.
ஒரு சாயத்துக்கு அது சொன்ன மறுப்பு, அவ்வளவே.
இருக்கிறது, வைசன். நிறையவே இருக்கிறது.
போட்ட சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறது.

தட்டிய கைகள்
குவிந்தபடியே இருந்தன.

மறுநாள் தட்டில் வழவழவென்று சிவந்த மேடுகள்.
கம்பிவளையத்தால் தொட்டு இழுத்தால்
பாகு போல் கம்பி பிடிக்கிறது.
நீந்தாது. இண்டோல் வளையம் இல்லை.
சிட்ரேட்டின் பச்சை நீலமாயிற்று.
கிளெப்சியெல்லா.
குழந்தைக்கு முன்
அதற்குப் பெயர் வைத்துவிட்டோம்.

ஆறு மருந்து வில்லைகள் பதித்தேன்.
ஐந்தின் விளிம்புவரை ஏறி வளர்ந்திருந்தது.
ஆறாவதைச் சுற்றி மட்டும்,
நாணல் விலகிய ஏரித்தண்ணீர் போல,
ஒரு வட்டத் தெளிவு.
அளவுகோல் வைத்தேன்.
அந்த மருந்து பிளான்டைரில் இருக்கிறதாம்.
வண்டி கிளம்பிவிட்டதாம்.

‘இன்றும் நெகட்டிவா?’ என்றான் வைசன்.

‘இருபத்தொரு மில்லிமீட்டர்’ என்றேன்.

நல்லதா என்று அவன் கேட்கவில்லை.
இருபத்தொன்று, இருபத்தொன்று என்று
வாய்க்குள் சொல்லிக்கொண்டே
வார்டுப் பக்கம் நடந்தான்.