சொல்லுக்குக் கட்டணம்

வெலிஷ்தா சந்திப்பில் அன்றிரவு
கரி அள்ளும் பெங்கோ
மண்வாரியைக் கீழே வைத்துவிட்டு
"கை வலிக்கிறது" என்றான்.
பன்னிரண்டு வருடம் வலிக்காத கை.
ரயில் நின்றது. அரசனின் ரயில்.

வெளியே பனி. தலைநகரில் தீ.
மதியத்திலிருந்து அது
என் விரல்கள் வழியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது:
சுங்கச்சாவடி விழுந்தது,
ஏழாம் படைப்பிரிவு துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தது,
ரொட்டிக்கடைத் தெருவில் பெண்கள், மேலும் பெண்கள்.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது.
நாணயத்தில் பக்கவாட்டில் மட்டுமே பார்த்த முகம்.
அவருக்கு இரண்டு காதுகள் உண்டென்பதே
அன்றுதான் உறைத்தது.
இரண்டும் குளிரில் சிவந்திருந்தன.

காகிதத்தை நீட்டினார்.
தொப்பியைக் கழற்றுவதா என்று யோசித்தேன்.
ஏற்கெனவே கழற்றித்தான் இருந்தது,
அடுப்பருகே, காய.

படித்தேன். எண்ணினேன். அதுதான் என் வேலை.
பென்சில் முனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு.
"முடி துறக்கிறேன்" என்பதைப்
பிரித்தெழுதினால் இரண்டு சொல்,
சேர்த்தெழுதினால் ஒன்று என்றேன்.
"எது மலிவு?" என்று கேட்டார்
இருநூறு அறை வீட்டிலிருந்து வந்தவர்.
சேர்த்தோம்.
"கடவுளின் அருளால்" என்பதை அவரே அடித்தார்.
அதில் இரண்டு மிச்சம்.

முப்பத்தெட்டுச் சொற்கள். பத்தொன்பது வெள்ளி.
மேலங்கி, உள்ளங்கி, கால்சட்டை என்று
அவர் கைகள் தேடின.
பிறந்ததிலிருந்து அந்தப் பைகளுக்குள்
கையைத் தவிர எதுவும் போனதில்லை போலும்.
தளபதியைத் திரும்பிப் பார்த்தார்.
தளபதி சுவரிலிருந்த கால அட்டவணையை
வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

தெசாங்காவின் பூட்ஸுக்கென்று
வைத்திருந்த பணத்தை எடுத்தேன்.
ஏன் எடுத்தேன்?
இவருடைய உப்புச் சுரங்கத்தில்தான்
என் தம்பி செத்தான்.
பத்தொன்பது முறை
அவர் முகத்தை மேசையில் வைத்தேன்.
அவர் குனிந்து பார்த்தார்,
யாரையோ எங்கோ பார்த்த ஞாபகம் போல.

சாவியை அழுத்தினேன்.
நான்கு நிமிடம் ஆயிற்று.
நடுவில் எங்கோ கம்பியில் பனி சரிந்து
"எனக்குப்பின்" என்ற சொல்லை மட்டும்
இரண்டுமுறை அனுப்ப வேண்டியிருந்தது.

ரசீது வேண்டுமா என்றேன்.
வேண்டும் என்றார்.
நான்காக மடித்து
அந்த வெறும் பையில் வைத்துக்கொண்டார்.

பெங்கோவின் கை இரண்டு மணிக்குச் சரியாயிற்று.
ரயில் எல்லைப்பக்கம் போனது.

காலையில் முட்டை விற்பவள் வந்தாள்.
கல்லாவிலிருந்து ஒரு வெள்ளி கொடுத்தேன்.
கடித்துப் பார்த்து, "செல்லுமா?" என்றாள்.
"புதன்கிழமை வரை" என்றேன்,
எதுவும் தெரியாமலே.