பைவீட்டுக் கணக்கு

குள்ளஞ்சாவடி தாண்டி, முந்திரிக்காட்டை ஒட்டி
எங்கள் தார்க்கலவை ஆலை.
அதில் முந்நூற்று இருபது பைகள் தொங்கும் தகர வீடு.
பெயரே பைவீடு.
குடியிருப்பது தூசி,
வாசல்காரன் நான்.

ஜல்லி டிரம்முக்குள் உருண்டு காய்கையில்
கல் தன் தோலை விடும்.
புகையோடு அதை உறிஞ்சி
பைகள் மேலெல்லாம் பூசிக்கொள்ளும்.
சில நொடிக்கு ஒருமுறை காற்று ஓர் உதை விடும்.
டப்.
உதிரும்.
டப்.
வீட்டில் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை.
இங்கே அது இருக்கும்போது
தூங்கக் கூடாது.

உதிர்ந்ததை வீசுவதில்லை.
திருகுக் குழாய் அள்ளிப்போய்
மறுபடி கலவையில் சேர்க்கும்.
கல்லிலிருந்து வந்தது கல்லுக்கே.
சீராகப் போனால் சாலைக்குப் பலம்.
மொத்தமாய் விழுந்தால்
தாரையெல்லாம் அதுவே குடித்துவிடும்,
கலவை பளபளப்பு செத்து
வெல்லத்தூள் நிறத்தில் இறங்கும்.

தையில் வரக்கூடாத மழை வந்தது.
ஜல்லிக் குவியல் நனைந்து கிடந்தது.
விடியலில் பதினோரு டிப்பர் வரிசை,
ஓட்டுநர்கள் ஹாரனில் கை வைத்து.
பைவீட்டை முதலில் சூடேற்ற வேண்டும்.
இருபது நிமிடம்.
நான் ஏழு கொடுத்தேன்.

குளிர்ந்த துணியில் நீராவி வேர்த்தது.
மாவு, களிமண் ஆனது.
நீர்மானி முள் ஏறியது, ஏறியபடியே நின்றது.
சம்பாலால் மஹதோ சுத்தியலால் தகரத்தைத் தட்ட
மேலே பிடித்திருந்ததெல்லாம்
ஒரே சரிவாய்க் குழாய்க்குள்.
சோதனைக் கூடத்து ஸ்டெல்லா
மூன்றாவது டிப்பர் மேல் ஏறி, முகர்ந்து,
"இது ரோடு இல்ல சார், பொரி உருண்டை" என்றாள்.
பதிவேட்டில் நான் எழுதியது:
மழை.

நான்காம் நாள் வந்தாள் அஞ்சலாட்சி,
கையில் ஒரு முந்திரிக் கொப்பு.
இலையில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள்.
"பூவு மேல உக்காந்தா எப்பிடிப் பிஞ்சு வைக்கும்?"
செங்கல் சூளைப் புகையாக இருக்கும் என்றேன்.
ரோட்டுப் புழுதி என்றேன்.
எங்கள் புகைபோக்கியைப் பார், வெள்ளையாக ஆவி மட்டும்தானே என்றேன்.
அவள் பார்க்கவில்லை.
கொப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கிழிந்த பையைக் கண்டுபிடிக்க ஒரு பொடி உண்டு.
பச்சைப் பொடி.
உறிஞ்ச விட்டு, நிறுத்தி,
பைகளுக்கு மேலுள்ள அறையில் இறங்கி
ஊதா விளக்கைப் பிடித்தால்
நல்ல பையின் வாய் இருட்டாயிருக்கும்.
இருநூற்றுப் பதினான்காவது எரிந்தது.
பக்கத்தில் இரண்டு, ஓரத்தில் ஒன்று.
மின்மினி மொய்த்த மாதிரி.
ஈரக் களிமண்ணின் கனம் தாங்காமல்
தையலோடு பிரிந்திருந்தன.
மஹதோ எண்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன்.

வேலை முடிய இரவு ஒன்பது.
விளக்கை அணைத்து உறையில் போட்டிருக்கலாம்.
ஏனென்று தெரியவில்லை,
வேலிக் கம்பியைத் தூக்கிக் குனிந்து
அந்தப் பக்கம் போனேன்.

முதல் மரத்தில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில், கைக்கெட்டும் பூங்கொத்தில்,
பச்சையாய் ஒரு புள்ளி.
பிறகு ஏழெட்டு.
பிறகு எண்ணுவதை விட்டேன்.

நாய் குரைத்தது. அஞ்சலாட்சி வந்தாள்,
அரிவாளோடுதான் வந்தாள்.
என்னை அடையாளம் கண்டதும்
அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.
சொல்ல ஒரு வாக்கியம் தேடினேன்.
தொண்டையில் மாவு.
விளக்கை அவள் கையில் கொடுத்தேன்.

வாங்கி, மரம் மரமாகப் போனாள்.
இருட்டில் அவள் தெரியவில்லை,
ஊதா வட்டம் மட்டும் ஏறி, இறங்கி,
நின்று, நகர்ந்து.
திரும்பி வர அரை மணி நேரம்.

"நாப்பத்தாறு மரம்" என்றாள்.
"எழுதிக்க."
சட்டைப் பையில் பேனா இருந்தது.
காகிதம்தான் இல்லை.
பை எண்கள் எழுதிய உள்ளங்கையிலேயே,
இருநூற்றுப் பதினான்குக்குக் கீழே,
எழுதினேன்.